எஸ்டெல்லா பிப்பை ஏமாற்றவில்லை

தம்பி, டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டு பிழை: எஸ்டெல்லா ஆசை காட்டி கதாநாயகன் பிப்பை ஏமாற்றினாள் என்பது, கடைசியில் இருவருக்கும் கலியாணம் என்பது.

முதலாவது அப்படியே தலைகீழ். சீட்டு விளையாடும் முதல் நாளே அவனுடைய முரட்டுக் கையையும் தடித்த சப்பாத்தையும் முகத்துக்கு நேரே இளக்காரம் செய்கிறாள். 29ஆம் அத்தியாயத்தில் தனக்கு இதயமே இல்லை என்று எச்சரிக்கிறாள். 38ஆம் அத்தியாயத்தைப் பாருங்கோ: அவளைச் சுற்றி வரும் டிரம்மில் என்பவனை ஏமாற்றி வலையில் விழுத்துகிறாயா என்று பிப் கேட்க, ஓம், இன்னும் பலரையும்தான், உன்னைத் தவிர எல்லாரையும் என்கிறாள். இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் எப்படிச் சொல்வது? பிப்பைத் தூண்டிவிட்டவள் பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹவிஷாம். எஸ்டெல்லாவை அப்படி வளர்த்ததும் அவள்தான்.

கலியாணம் எங்கேயும் இல்லை. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், அவள் கட்டிய டிரம்மில் இறந்தபின் எஸ்டெல்லா ஒரு வைத்தியரை மணந்துவிடுகிறாள்; லண்டன் தெருவில் பிப்போடு கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறாள். நண்பரான எழுத்தாளர் புல்வர் லிட்டன் சொல்லித்தான் டிக்கன்ஸ் அதை மாற்றினார். 1861இல் அச்சான முடிவில் மிஸ் ஹவிஷாம் வீட்டின் பழைய தோட்டத்தில் பிப்பும் எஸ்டெல்லாவும் சந்திக்கிறார்கள், கைபிடித்து வெளியேறுகிறார்கள். பிரிந்திருந்தாலும் நண்பர்கள் என்கிறாள் அவள். இனிப் பிரிவில்லை என்று நினைப்பவன் பிப். அவ்வளவுதான்.

திருகோணமலையில் நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ எடுப்பவர்கள் 59 அத்தியாயமும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கோ. சுருக்கப் பதிப்புகளில் இந்த உரையாடல்கள் வெட்டுப்பட்டிருக்கலாம்.