"இதில சண்டை எங்க?"

என் படக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை: "நீங்கள் வன்னிதானே, அப்ப இதில சண்டை எங்க?" குளக்கட்டையும் வயலையும் செய்து வைத்திருந்தால் முகம் வாடிவிடுகிறது. முட்கம்பியும் சிவப்பும் தெரிந்தால் உடனே ஃபோனை எடுக்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பட்டது படத்துக்குள் வரும் வழி அவர்கள் நினைப்பது இல்லை என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், பட்டது முதலில் கைக்குத்தான் போய்ச் சேர்கிறது. நான் துணியில் தைத்துத்தான் படம் செய்கிறேன். தூரிகை பிடிக்கத் தெரியாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்து நல்ல புள்ளியும் வாங்கியவள்தான். 2009இல், வன்னிச் சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் சனம் ஒடுங்கிக் கிடந்த அந்த மணல் துண்டில், பங்கர் வெட்டினால் நிற்காது. சரிந்து விழும். சுற்றிவர மண் மூட்டை அடுக்க வேண்டும். உரப்பை முடிந்த பிறகு சீலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். முதலில் வீட்டில் உடுத்த நூல்சீலை, பிறகு கோயிலுக்கு உடுத்தது, கடைசியில் கூறைச்சீலையும். அம்மா வெட்டித் தர நான் ஓரம் அடித்தேன். நெருக்கித் தைக்காவிட்டால் மணல் ஒழுகிவிடும்.

இன்றைக்கும் என் தையல் அந்த நெருக்கத்தில்தான் விழுகிறது. பனையைத் தைத்தாலும் அப்படித்தான், பாலைப்பழத்தைத் தைத்தாலும் அப்படித்தான். ஒருவர் அதை "பெண்மையின் நுணுக்கம்" என்று எழுதியிருந்தார். சரி, இருக்கட்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். சண்டையில் தப்பி வந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், மத்தியான வெயிலில் வெள்ளைக் கூடாரத்துக்குள் இருந்து பாருங்கள்: வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலும் ஊறி வரும், எதற்கும் ஒழுங்கான நிழல் விழாது. 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது. என் படங்களில் நிழலே இல்லை என்று குறை சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதற்காகப் பட்டதெல்லாம் கலையாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் படாதவர் யார்? ஜேர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்று ஒரு கலைஞர் இருந்தார். அவருடைய இளைய மகன் 1914 ஒக்ரோபரில் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். உடனே நினைவுச்சிலை செய்யத் தொடங்கிவிட்டார். மகனைக் கிடத்தி, தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய் என்பதுதான் முதல் யோசனை. இடையில் வேலையைக் கைவிட்டார், மறுபடி எடுத்தார். 1932இல் சிலை மகன் புதைக்கப்பட்ட கல்லறை நிலத்துக்குப் போனபோது முழந்தாளில் நிற்கும் தாயும் தகப்பனும் மட்டும்தான் இருந்தார்கள். மகன் இல்லை. 18 வருடம்! "மகன் எங்கே?" என்று அந்தத் தாயிடம் கேட்க யாருக்காவது வாய் வருமா? எங்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

இன்னொன்று. நான் சித்திரம் படிப்பிக்கும் பிள்ளைகள் எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். கொப்பியைத் திறந்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு. வன்னியில் எங்கே மலை? இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் எங்களுக்கு உயரம். போட்டி என்றால் எல்லாத் தாளிலும் வெள்ளைப் புறா. அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதற்குச் சண்டை தேவையில்லை. "வீட்டில நடக்கிறதைக் கீறுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி நுண்கடன் வசூலிக்க வருகிறவரைக் கீறினாள். கேற்றடியில் மோட்டார்சைக்கிள், அம்மா குசினிக்குப் பின்னால் குந்திக்கொண்டு. அம்மாவைவிட மோட்டார்சைக்கிள்தான் பெரிது, முன் சில்லு தாளுக்குள் அடங்கவேயில்லை. அளவை அப்படி வைக்க நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இதையோ ரீச்சர் போட்டிக்கு அனுப்பப் போறீங்கள்?" என்று கேட்டார்கள். அனுப்பினேன். பரிசு வழமைபோலப் புறாவுக்குத்தான். அவள் இப்போது அந்த மனிதரின் ஹெல்மெட்டைத் தனியாகக் கீறிப் பழகுகிறாள். கண்ணாடியில் தங்கள் வீடு தெரிய வேண்டுமாம், அது எப்படி வரும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.