வயசுக் கோளாறு இல்லை

சனிக்கிழமை சாயந்திரம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. எங்கள் மாதக் கூட்டத்தில், திரும்பக் கேட்க வேண்டிய ஆல்பம் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லி, மூன்று நிமிடம் பேச வேண்டும். நான் மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற நியூ ஜெர்சி ராக் பேண்டின் 'த பிளாக் பரேட்' என்றேன். எமோ என்பார்களே, மனசில் இருப்பதைக் கத்திக் கொட்டுகிற ராக், அந்த வகை. சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். ஆனால் மைக்கை வாங்கியவர் "அதெல்லாம் வயசுக் கோளாறும்மா, கண்ணுல மை பூசிக்கிட்டு அழுற பசங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் மூன்று நிமிடம் அதோடு போயிற்று. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் இன்றும் தூக்கம் வராது.

அது வயசுக் கோளாறு இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2006 அக்டோபரில் வந்த ஆல்பம். புற்றுநோயில் சாகக் கிடக்கிற ஒருவனின் கதை. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, நோயாளி, அவ்வளவுதான். ஒருவருக்குச் சாவு எந்த உருவத்தில் வரும்? அவர் மனதில் ஆழப் பதிந்த இனிய நினைவின் உருவத்தில் வரும் என்று பேண்டின் பாடகர் ஜெரார்ட் வே யோசித்திருக்கிறார். இந்த நோயாளிக்கு அது, சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டிய ஓர் ஊர்வலம். அதனால் அவனுக்கு மரணம் பேண்டு வாத்தியத்தோடு, கறுப்புச் சீருடை போட்டு அணிவகுத்து வருகிறது. தயாரித்தவர் ராப் கவாலோ, கிரீன் டே பேண்டின் 'டூக்கி'யையும் 'அமெரிக்கன் இடியட்'டையும் தயாரித்தவர். 'மாமா' (அம்மா என்று அர்த்தம்) என்ற பாட்டில் பாடகியும் நடிகையுமான லைசா மினெல்லி வந்து பாடியிருக்கிறார். பதிவு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஜெரார்டின் தம்பி மைக்கி, பேஸ் வாசிப்பவர், மனச்சோர்வு தாங்காமல் கொஞ்ச காலம் விலகிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். வாழ்வதற்கு நான் அஞ்சமாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்துகிற பாட்டுதான் கடைசியில் வருகிறது. வீட்டில் ஒருவர் அந்த நிலையில் இருந்த காலத்தில் பிறந்த பாட்டு என்று தெரிந்துகொண்டு ஒருமுறை கேளுங்கள். பிறகு சொல்லுங்கள், கோளாறு யாருக்கு என்று.

எனக்கு இந்த இசை 2007 இல் வந்தது. ஹாஸ்டலில் என் ரூம்மேட் மிசோரமின் ஐஸ்வாலிலிருந்து வந்தவள். அவளுடைய 1 ஜிபி எம்பி3 பிளேயரில் மை கெமிக்கல் ரொமான்ஸும் ஜிம்மி ஈட் வேர்ல்டும் பாராமோரும் என்று இந்த வகை பேண்டுகள் இருந்தன. எனக்கு அப்போது பாதி வார்த்தை புரியாது, தலைதான் வலிக்கும். எதற்கு இப்படிக் கத்துகிறார்கள் என்று கேட்பேன். அவள் பதில் சொல்லமாட்டாள், சத்தத்தைக் குறைப்பாள்.

அந்த நவம்பரில், செமஸ்டர் நடுவில், ஆச்சி இறந்துபோனாள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர். என்னை வளர்த்தவள், புள்ளி வைத்துக் கோலம் போடக் கற்றுக்கொடுத்தவள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தபோதுதான் அம்மா சொன்னாள். பதினொரு நாள் ஆகியிருந்தது. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். காரியத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, சாம்பார் எத்தனை பேருக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆச்சியின் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு அத்தை வந்து, "போதும்ளா, வீட்ல விசேஷத்துக்கு ஆள் வர ஆரம்பிச்சாச்சு, முகத்தக் கழுவு" என்றாள். கழுவினேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி நான்கைந்து நாள் கழித்து ரூம்மேட் ஒன்றும் பேசாமல் இயர்போனை என் காதில் வைத்தாள். 'ஹெலினா'. 2004 இல் வந்த 'த்ரீ சியர்ஸ் ஃபார் ஸ்வீட் ரிவெஞ்ச்' ஆல்பத்தின் முதல் பாட்டு. அது பாட்டியைப் பற்றிய பாட்டு என்று அவள்தான் சொன்னாள். ஜெரார்டையும் மைக்கியையும் பார்த்துக்கொண்ட பாட்டி எலினா. ஜெரார்டுக்குப் பாடவும் படம் வரையவும் சொல்லிக்கொடுத்தவர் அவர். 2003 இல் இறந்துபோனார். பேண்டோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்ததில் அவரோடு இருக்க முடியாமல் போன குற்ற உணர்வைத்தான் பேரன் பாடுகிறார். அன்றைக்குத்தான் நான் அழுதேன். மை பூசிக்கொண்டு அழவில்லை. பச்சைப் பக்கெட்டில் துணி ஊறவைத்துக்கொண்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் சொல்கிறேன், வயசுக் கோளாறு இல்லை.

ஆச்சி ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற கிழவிகள் இருந்தார்கள். செத்தவரைக் கொஞ்சுவார்கள், ஏசுவார்கள், என்னை விட்டுட்டுப் போனியே என்று சண்டை போடுவார்கள். மாரில் அடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. சனிக்கிழமை சிரித்தவர்களிலேயே இரண்டு பேர் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறீர்கள், நானும் படித்துக் கலங்கியிருக்கிறேன். நியூ ஜெர்சிப் பையன் தன் பாட்டிக்கு அழுதால் மட்டும் உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது?

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றும் தெரியும். அதெல்லாம் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் புலம்பல்தானே என்பீர்கள். ஜெரார்ட் வே 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரம் விழுவதைக் கண்ணால் பார்த்தவர். வாழ்க்கையில் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் பேண்டைத் தொடங்கினார். ஜிம்மி ஈட் வேர்ல்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இசைக் கம்பெனியோடு உறவு முறிந்த பிறகு சொந்தமாகச் சம்பாதித்த காசில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் 2001 இல் வந்த 'பிளீட் அமெரிக்கன்'. பிளிங்க்-182 வெறும் கேலி பேண்டு என்பீர்கள். 1999 இல் வந்த 'எனிமா ஆஃப் த ஸ்டேட்'டில் அத்தனை கூத்துக்கும் நடுவில் 'ஆடம்ஸ் ஸாங்' இருக்கிறது, சாக நினைக்கிற ஒரு பையனின் பாட்டு. நண்பர்களோடு கும்மாளம் போட்டுவிட்டு ராத்திரி தனியாகப் படுக்கும்போது வருகிற நினைப்பு அது. நம் வீட்டுப் பையன்கள் யாருக்கும் வராத நினைப்பா?

அப்புறம், நிஜமான எமோ 1985 வாஷிங்டனோடு முடிந்துவிட்டது என்கிற ஆள் ஒருவர் கண்டிப்பாக வருவார். அன்றைக்கு அங்கே பாடிய ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பேண்டை எனக்கும் தெரியும். 1994 இல் சன்னி டே ரியல் எஸ்டேட் பேண்டு போட்ட 'டைரி' ஆல்பமும் தெரியும். வீஸர் பேண்டின் 'பிங்கர்ட்டன்' 1996 இல் வந்தபோது அதை எப்படித் தூக்கி எறிந்தார்கள், பிறகு அதே ஆல்பத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்பதும் தெரியும். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தப் பாட்டுகளில் பெண்களை ஏசுகிறார்களே என்று கேட்டால், ஆமாம். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அமெரிக்க இசை விமர்சகர் ஜெசிக்கா ஹாப்பர் 2003 இலேயே இதை எழுதிவிட்டார், எமோ பாட்டுகளில் பெண் என்பவள் பையனின் காயத்துக்குக் காரணமாக மட்டுமே வருகிறாள் என்று. படித்தபோது எனக்கு வலித்தது, ஏனென்றால் உண்மை. நான் ஆசையாகக் கேட்ட சில பாட்டுகளை அதற்குப் பிறகு கேட்க முடியவில்லை. ஆனால் அதே இடத்தில்தான் பாராமோரும் வந்தார்கள். 2007 இல் அவர்களுடைய 'ரயட்!' ஆல்பம் வந்தபோது பாடகி ஹேலி வில்லியம்ஸுக்குப் பதினெட்டு வயது. 'மிஸரி பிசினஸ்' பாட்டில் இன்னொரு பெண்ணை இழிவாகச் சொல்லும் ஒரு வரி இருந்தது. வளர்ந்த பிறகு அதைத் தானே ஒத்துக்கொண்டு, 2018 இல் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதையே நிறுத்தினார். 2022 இல்தான் திரும்பப் பாடினார். தான் எழுதிய பாட்டை இப்படித் திரும்பிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன், அதிகம் தேறவில்லை. 2021 இல் பாப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் 'குட் ஃபார் யூ' பாட்டு வந்ததும் எல்லோர் காதிலும் 'மிஸரி பிசினஸ்' கேட்டது. ஒலிவியாவின் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஹேலியையும், 'மிஸரி பிசினஸை' அவரோடு சேர்ந்து எழுதிய ஜாஷ் ஃபாரோவையும் பிறகு சேர்த்தார்கள். 2024 இல் பாராமோருக்குச் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. 2025 இல் மை கெமிக்கல் ரொமான்ஸ் அமெரிக்காவின் பெரிய ஸ்டேடியங்களில் 'பிளாக் பரேட்'டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தார்கள். வந்தவர்கள் பலருக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும். வயசுக் கோளாறு என்றால் அந்த வயதோடு போயிருக்க வேண்டுமே.

கேட்கிற பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்று பயமுறுத்தவும் ஆள் உண்டு. 2008 இல் இங்கிலாந்தில் ஒரு சிறுமி இறந்தபோது டெய்லி மெயில் பழியை எமோ மேல் போட்டு எழுதியது. அந்த மே மாதக் கடைசியில் ரசிகப் பிள்ளைகள் லண்டனில் அந்தப் பத்திரிகை அலுவலக வாசலில் போய் நின்றார்கள். இந்தப் பாட்டுதான் எங்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மெக்சிகோவின் கெரேதாரோ நகரில் எமோ பிள்ளைகளைத் தேடித் தேடி அடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் முடியை நெற்றியில் விழ விட்டிருந்தார்கள், இறுக்கமான பேண்ட் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் குற்றம். அங்கே கூட்டமாக வந்து அடித்தார்கள், இங்கே கூட்டமாகச் சிரித்தோம். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தின் நடுவில் நின்றால் சிரிப்பும் உடம்பில் படுகிறது, சனிக்கிழமை எனக்குப் பட்டது.

தமிழச்சிக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

பல வருஷம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று. "சொன்னா நீ அழுதுகிட்டே இருப்ப, பரீட்ச போயிரும்னு பயந்தோம்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளுடைய அம்மா செத்திருக்கிறாள், அதை வைத்துக்கொண்டு அவள் எனக்காகப் பதினொரு நாள் போனில் சாதாரணமாகப் பேசியிருக்கிறாள், சாப்பிட்டியா, தூங்கினியா என்று. அவளும் எங்கே அழுதாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். எனக்கு விட்டுப்போன மூன்று நிமிடத்தை அப்போது கொடுங்கள். நான் பேசமாட்டேன், 'ஹெலினா'வைப் போடுவேன். மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.