ஜெயிச்சவர் குடுத்த விலையை மட்டும் பாக்காதீங்க

ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை விலை கேக்குறதுக்கும், காசு வாங்குற ஆன்லைன் ஏலத்துல போன் 50 டாலருக்கு கிடைச்சதுன்னு போட்டிருக்கீங்க, அது உண்மையாவே இருக்கலாம், ஆனா கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. ஒரு பிட்டுக்கு 60 சென்ட் கட்டணும், விலை 1 சென்ட் தான் ஏறும்னு வைங்க. 50 டாலர் வரணும்னா 5000 பிட், அதாவது பிட்லயே சைட்டுக்கு 3000 டாலர்! சாதாரண ஏலத்துல தோத்தா கைக்காசு போகாது, இங்க தோத்தவங்க யாருக்கும் பிட்டுக்கு கட்டின காசு கைக்கு திரும்பாது.

ஆளை இழுக்கிறதே ஏலம் முடிய எவ்ளோ நேரம் இருக்குன்னு காட்டுற டைமர் தான். முடியப்போற நேரத்துல ஒருத்தர் பிட் போடுவார், மறுபடி சில செகண்ட் கூடும், இவ்ளோ போட்டாச்சே இப்ப விட்டா எல்லாம் வீணாச்சேன்னு மனசு அடிச்சுக்கும், எதிர்ல இருக்கறவருக்கும் அதே நினைப்பு தான். மார்ட்டின் ஷூபிக்னு ஒரு பொருளாதார நிபுணர் 1971லயே டாலர் ஏலம்னு ஒரு விளையாட்டை வெச்சு இதை விளக்கிட்டார், அதுலயும் இதே மாதிரி விட மனசு வராம, ஒரு டாலர் நோட்டுக்கு ஒரு டாலருக்கு மேலயே கேக்குற நிலைமைக்கு போயிடுவாங்க.

சைட்டே போலி ஆளை விட்டு பிட் போட்டா நமக்கு தெரியவும் வராது. சில சைட்ல பொருளோட முழு விலைல தோத்த பிட் காசை கழிச்சுட்டு மீதியை கட்டி வாங்கிக்கலாம்னு இருக்கும், அந்த முழு விலை வெளிய விக்கிறதை விட ஜாஸ்தியான்னு மொதல்ல பாத்துடுங்க ப்ளீஸ்.