செஸ்னாவில் உலகம் சுற்றலாமாம்! மொரீஷியஸின் பிளேசான்ஸ் ஏர்போர்ட்டில் இருந்து புறப்பட்டுப் பாருங்க

"சின்ன விமானம் எதை வேணும்னாலும் எடுத்துக்கோ. அடுத்த ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட்டு, இறங்கு, சேமிச்சு வை, நாளைக்குத் தொடரு." ஃபிளைட் சிமுலேட்டரில் உலகம் சுற்ற வழிகாட்டி எழுதுறவங்க எல்லாருக்கும் இதே பல்லவிதான். எழுதுறவர் ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பார், அரை மணிக்கு ஒரு ஓடுபாதை அவருக்கு. மொரீஷியஸில் இருக்கிற நமக்கு மேற்கே 125 கடல் மைலில் ரீயூனியன், கிழக்கே 320-இல் ரொட்ரிக்ஸ். அதுக்கப்புறம் தண்ணி, தண்ணி, தண்ணி.

ரொட்ரிக்ஸைத் தாண்டி கிழக்கே அடுத்த ஓடுபாதை கோகோஸ் தீவு, ஏறத்தாழ 2,000 கடல் மைல். செஸ்னா 172எஸ்ஸில் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 53 கேலன். மணிக்கு எட்டரை கேலன் குடிச்சா ஆறு மணி நேரம், அதாவது 640 மைலுக்குள்ளே கதை முடிஞ்சுது (இங்கே மைல்னா எல்லாம் கடல் மைல்தான்). 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் தென்கிழக்குக் காற்று 15 நாட்டைப் பிடுங்கிக்கிட்டா கோகோஸுக்கு 21 மணி நேரம். கையிருப்போட 200 கேலன் வேணும். கேலனுக்கு 6 பவுண்டு எடைன்னா 1,200 பவுண்டு. விமானத்தின் மொத்த எடை வரம்பே 2,550. வெறும் விமானமே 1,700 போல வரும், ஆளையும் ஏத்தினா 500 பவுண்டுக்கு மேல அதிகம். நிஜத்தில் இப்படிக் கடல் தாண்டிக் கொண்டுபோறவங்க பின்சீட்டைக் கழட்டி டாங்க் வைச்சு, கூடுதல் எடைக்குத் தனி அனுமதி வாங்கித்தான் கிளம்புறாங்க. சிமுலேட்டரில் அப்படி ஒரு டாங்க் வேணும்னா எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் விமானத்தை மாற்றியமைக்கிற பிளேன் மேக்கரைத் திறந்து கொள்ளளவை நாமே கூட்டணும். இதில் ஒரு வரியாவது அந்த வழிகாட்டியில் இருக்கா? இல்லை. "அன்லிமிடெட் ஃப்யூயல் போட்டுக்கோ" என்று ஒரு வரி இருக்கு. தீராத பெட்ரோலோட உலகம் சுற்றுறதுக்குச் செஸ்னா எதுக்கு, வரைபடத்தில் விரலால் சுற்றிட்டுப் படுத்துக்கலாமே.

அடுத்த உபதேசம் சிம் ரேட், அதாவது சிமுலேட்டரில் நேரத்தை வேகமா ஓட விடுறது. "கடல் மேல 8 மடங்கு, 16 மடங்கு போடு, போரடிக்காது." நாலு மடங்கைத் தாண்டினாலே ஆட்டோபைலட் மூக்கை மேலேயும் கீழேயும் ஆட்ட ஆரம்பிக்கும், அது இருக்கட்டும். பைப்பர் ஆர்ச்சர் மாதிரி விமானத்தில் எந்த இறக்கை டாங்கில் இருந்து பெட்ரோல் வரணும்னு திருப்புற ஃப்யூயல் செலக்டரில் இடது, வலது மட்டும்தான். 172-இல் இருக்கிற மாதிரி ரெண்டும் சேர்த்து என்ற நிலை கிடையாது. ஒரு பக்கம் 24 கேலன், ஏறக்குறைய ரெண்டரை மணி நேரம் ஓடும். எட்டு மடங்கில் அது 19 நிமிஷம். வனிலா டீ போட்டு எடுத்து வந்து, ஒரு ஃபோனைப் பேசி வைச்சா எஞ்சின் அணைஞ்சிருக்கும். இன்னொரு இறக்கையில் டாங்க் நிறைய இருக்கும், விமானம் மட்டும் கடலை நோக்கி இறங்கிட்டிருக்கும். அப்போ முதல் வேலை சிம் ரேட்டை ஒண்ணுக்குக் கொண்டு வர்றது. இதை விட்டுட்டு செலக்டரைத் தேடினா, தேடி முடிக்கிறதுக்குள்ள 8,000 அடி உயரமும் போயிடும். அப்புறம் வேகத்தை 76 நாட்டில் பிடிச்சு, செலக்டரை மாற்றி, ஃப்யூயல் பம்பைப் போட்டு, மிக்சரை (காற்றோட சேருற பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற பிடி) முழுசாத் தள்ளணும். புரொப்பெல்லர் காத்தில் சுத்திட்டேதான் இருக்கும், பெட்ரோல் வந்து சேர்ந்ததும் தானாப் பிடிச்சுக்கும்.

மிக்சர் விஷயமும் அப்படித்தான். 8,000 அடியில் அதை முழுசாத் தள்ளியே வைச்சுட்டு ஓட்டினா மணிக்கு ரெண்டு, மூணு கேலன் கூடப் போகும். ஐரோப்பாக்காரருக்கு அது கவலையே இல்லை, கீழே ஏதாவது ஒரு ஓடுபாதை இருக்கும். வடக்கே மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுக்குப் போறவருக்கு உயிர் போற கணக்கு. பிளேசான்ஸில் இருந்து 600 மைல். போகும்போது தென்கிழக்குக் காற்று பின்னால இருந்து தள்ளும், 44 கேலனில் போய்ச் சேரலாம். திரும்பும்போது அதே காற்று எதிரே வந்து தரைவேகத்தை 101 நாட்டுக்கு இறக்கினா 50 கேலனைத் தாண்டுது. தரையில் உருட்டிப் போறதும் மேலே ஏறுறதும் சேர்ந்தா டாங்கில் ஈரம்தான் மிச்சம். நிஜத்தில் அகலேகாவில் 2024 பிப்ரவரியில் 3 கிலோமீட்டர் ஓடுபாதை திறந்தாச்சு. பழைய தரவு வைச்சிருக்கிற சிமுலேட்டரில் பழைய குட்டை ஓடுபாதையே கிடக்கும். பார்த்து இறங்குங்க. அங்கிருந்து செஷல்ஸ் 350 மைல், சுலபம். செஷல்ஸில் இருந்து மாலத்தீவின் கான் தீவு 1,080 மைல். மறுபடி முட்டுச்சுவர்.

ஆக மேற்கே போறதுதான் ஒரே வழி. ரீயூனியன், அங்கிருந்து மடகாஸ்கரின் தொமாசினா 385 மைல், மஹாஜங்கா 230, கொமொரோஸின் மொரோனி 305, தார் எஸ் சலாம் 370. எல்லாம் 172-க்கு அடங்கும். முதல் கட்டத்திலேயே ஒரு பொறி இருக்கு. ரீயூனியனின் செயின்ட் பியேர் பக்கம் பியேர்ஃபோன் ஏர்போர்ட்டில் இறங்கலாம்னு ஜிபிஎஸ்ஸில் நேர்கோடு போட்டா, அது பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலையை உரசிக்கிட்டுப் போகுது. உச்சி 2,632 மீட்டர், 8,600 அடிக்கு மேல. 125 மைல்தானேன்னு 6,000 அடியில் ஆட்டோபைலட்டை விட்டுட்டு உட்கார்ந்தா, மேகத்துக்குள்ள இருந்து மலை எதிரே வரும். தெற்கே கடல் மேல சுத்திப் போங்க, பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். இல்லேன்னா வடக்கே ரோலன் காரோஸ் ஏர்போர்ட்டில் இறங்குங்க.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் சொன்னா உடனே ஒருத்தர் வருவார்: "அப்போ லண்டனில் இருந்து தொடங்க வேண்டியதுதானே?" ஏன் தொடங்கணும்? அவங்கவங்க ஊரில் கிளம்பி அங்கேயே திரும்பி வர்றதுதானே உலகம் சுற்றுறது. 1964-இல் அமெரிக்கப் பெண் விமானி ஜெரி மாக் செஸ்னா 180-இல் தனியா 29 நாளில் உலகம் சுற்றினாங்க, கிளம்பின கொலம்பஸ் ஊரிலேயேதான் வந்து இறங்கினாங்க. உலகச் சுற்றுச் சாதனைக்கு சர்வதேச வான்பயண ஃபெடரேஷன் (எஃப்ஏஐ) வைச்சிருக்கிற கணக்கு: எல்லா தீர்க்கரேகையும் தாண்டணும், குறைஞ்சது 36,787.559 கிலோமீட்டர் பறக்கணும், அதாவது கடகரேகையின் நீளம். இதில் நமக்கு வர்ற வயிற்றெரிச்சலைக் கேளுங்க. மேற்கே கிளம்பி உலகத்தைச் சுற்றிட்டு வந்து, இந்தியா தாண்டி மஸ்கட்டை நெருங்கி இறங்கினதுமே நம்ம தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் வந்துடுறோம், மஸ்கட் 58 டிகிரி, போர்ட் லூயிஸ் 57 அரை. வீடு நேர் தெற்கே. ஆனா டாங்க் பத்தாது. சலாலா, முகல்லா, ஏடன், ஜிபூட்டின்னு இறங்கி, கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கீழே வந்து, மொரோனி, மஹாஜங்கா, தொமாசினான்னு போன பாதையிலேயே திரும்பி வரணும். ரொட்ரிக்ஸையும் சேர்க்கணும்னா போக வர இன்னும் 640 மைல். அந்த வழிகாட்டிகளில் ரொட்ரிக்ஸ் என்ற பெயரே கிடையாது.