அந்த ஆறு பேர்

பாய்மரப் படகுப் பந்தயத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் 1866ஆம் ஆண்டுக் கதை வந்துவிடும். மூன்று படகுகள், டிசம்பர் மாத அட்லாண்டிக், கிறிஸ்துமஸ் அன்று வெற்றி. நடுவில் ஆறு மாலுமிகள் கடலோடு போனது ஒரே ஒரு வரியில் கடந்துபோகும். அந்த ஒரு வரி என்னைப் பல நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் ஒன்பது வருடம் டெக் வேலை பார்த்தவன். ஒரு டிசம்பரில் வட அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறேன். எங்களுடையது பெரிய இரும்புக் கப்பல். அதிலேயே மூன்று நாள் யாரும் வெளித்தளத்தில் கால் வைக்கக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டுவிட்டார். அலை வந்து முன்பக்கத்தில் அறைகிற சத்தம் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கும். 1866இல் போனவை நூறு அடியைக் கொஞ்சம் தாண்டிய மரப் படகுகள். இன்ஜின் இல்லை, ரேடியோ இல்லை. பாயைச் சுருக்க வேண்டுமென்றால் அந்த ஈரத்திலும் குளிரிலும் ஆள்தான் போய்ச் சுருக்க வேண்டும்.

அதற்கு முன்னாலும் செல்வந்தர்கள் படகுப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். 1661இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் தன் தம்பியோடு 100 பவுண்டு பந்தயம் கட்டி தேம்ஸ் நதியில் கிரீன்விச்சிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை போய்த் திரும்பினார். 1851இல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவை ஒரே நாளில் சுற்றிவந்து ஆங்கிலேயர்களைத் தோற்கடித்தது. இரண்டுமே கரை கண்ணில் படுகிற தூரத்தில் நடந்தவை. பெருங்கடலை நடுக்குளிர் காலத்தில் தாண்டுவது வேறு சங்கதி.

இந்தப் பந்தயம் நியூயார்க்கில் ஒரு கிளப் விருந்து மேசையில் பிறந்தது. புகையிலைப் பணத்தில் வளர்ந்த பியர் லோரிலார்டுக்கும் ஆஸ்குட் சகோதரர்களில் ஒருவருக்கும் யாருடைய படகு வேகமானது என்று வாக்குவாதம். 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகை முதலாளியின் மகன் ஜேம்ஸ் கார்டன் பென்னட்டும் சேர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு 25 வயது. ஆளுக்கு 30,000 டாலர், ஜெயிப்பவருக்கு மொத்தமாக 90,000 டாலர். நியூயார்க் துறைமுக வாசலான சாண்டி ஹூக்கிலிருந்து வைட் தீவின் நீடில்ஸ் பாறைகள் வரை ஏறக்குறைய 3,000 மைல். கோடை வரும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. டிசம்பர் 11ஆம் தேதி கிளம்பினார்கள்.

கிளம்பினார்கள் என்று எழுதுவதே தப்பு. படகு வைத்திருந்தவர்களில் ஏறிப்போனவர் பென்னட் மட்டும்தான். 'வெஸ்டா'வின் லோரிலார்டும் 'ஃப்ளீட்விங்'கின் ஆஸ்குட்களும் கரையிலேயே தங்கிவிட்டார்கள். பென்னட்டின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. தன் பணத்தோடு தன் உயிரையும் வைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரும் சுக்கான் பிடிக்கவில்லை. 'ட்ரெட்நாட்' என்ற கிளிப்பர் (வேகமான பாய்மர) கப்பலை ஓட்டிப் பெயர் வாங்கிய சாமுவேல் சாமுவேல்ஸைத் தன் படகான 'ஹென்ரியெட்டா'வுக்குக் கேப்டனாக அமர்த்தியிருந்தார். அந்தப் படகில் விருந்தாளியாகப் போன லெனார்ட் ஜெரோமின் மகள்தான் பின்னால் அதே வைட் தீவின் கவ்ஸ் துறைமுகத்தில், படகு விழாக் காலத்தில், ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபுவைச் சந்தித்தாள். அவர்களுக்குப் பிறந்தவர்தான் வின்ஸ்டன் சர்ச்சில். இந்த மாதிரித் துணுக்குகளெல்லாம் தேடாமலே கிடைக்கும். அந்த ஆறு பேர் யார், எந்த ஊர், வீட்டில் யார் இருந்தார்கள் என்று கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

கிளம்பி ஒரு வாரம் கழிந்த நிலையில் 'ஃப்ளீட்விங்' புயலில் மாட்டியது. சுக்கான் பக்கத்துப் பள்ளமான காக்பிட்டில் காவல் முறைக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பேரலை பின்பக்கத்தில் ஏறி, அங்கிருந்தவர்களை அப்படியே வாரிக்கொண்டு போனது. அதில் ஆறு பேர் திரும்பவில்லை. மற்றவர்கள் படகை நிறுத்தித் தேடினார்கள். அந்தக் கடலில் ஓடுகிற பாய்மரத்தை நிறுத்துவதே உயிரோடு விளையாடுகிற வேலை. ஒருவரும் கிடைக்கவில்லை. அப்புறம் பாயை ஏற்றிக்கொண்டு பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் எந்த மனநிலையில் கயிற்றை இழுத்திருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கூட நின்றவனுடைய படுக்கை கீழே காலியாக இருக்கும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அதைக் கடந்துதான் மேலே வர வேண்டும்.

'ஹென்ரியெட்டா' கிறிஸ்துமஸ் அன்று மாலை, 14 நாள் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டும் அன்று நள்ளிரவுக்குப் பிறகு வந்தன. இரண்டு வாரம் ஓடிய ஓட்டத்தில் வித்தியாசம் சில மணி நேரம்தான். தேடுவதற்காக நின்ற நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, மாலுமிக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற வேலைதானே, சரக்குக் கப்பலிலும் ஆட்கள் சாகவில்லையா என்று கேட்கலாம். செத்தார்கள், நிறையவே செத்தார்கள். ஆனால் சரக்குக்கும் தபாலுக்கும் குளிர் காலத்திலும் கடலைத் தாண்டியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. இங்கே டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெருமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த மேசையில் பேசியவர்களுக்கு அது 30,000 டாலர் கேள்வி. மேசைக்கு வராதவனுக்குத்தான் உயிர்க் கேள்வி.

நான்கு வருடத்தில் மறுபடியும் நடந்தது. 1870இல் அயர்லாந்திலிருந்து நியூயார்க்குக்கு பென்னட்டின் 'டான்ட்லெஸ்'ஸும் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆஷ்பரியின் 'கேம்ப்ரியா'வும் ஓடின. 'டான்ட்லெஸ்'ஸின் முன்பக்கத்தில் பாய் வேலையாக நின்ற இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. இவர்களும் நின்று தேடினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் 'கேம்ப்ரியா' ஜெயித்தது. மறு வருடம் பென்னட் நியூயார்க் யாட் கிளப்பின் கமாடோர், அதாவது தலைவர், ஆனார்.

1905இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கோப்பை அறிவித்தபோது 11 படகுகள் ஓடின. 'அட்லாண்டிக்' 12 நாள் 4 மணி நேரத்தில் முடித்தது. அந்த நேரத்தை 1980 வரை எந்தப் பாய்மரப் படகாலும் முறியடிக்க முடியவில்லை. ஓட்டியவர் சார்லி பார், ஸ்காட்லாந்தில் பிறந்து சம்பளத்துக்குப் படகு ஓட்டியவர். கோப்பையை வாங்கியவர் உரிமையாளர் வில்சன் மார்ஷல்.

என் மனதுக்குப் பிடித்தது இதற்கு அடுத்த வருடம் நடந்ததுதான். 'தி ரடர்' பத்திரிகையின் ஆசிரியர் தாமஸ் ஃப்ளெமிங் டே, பெரிய படகும் கூலி மாலுமிகளும் இல்லாமல், சொந்தமாக ஓட்டுகிறவர்களே சின்னப் படகில் பெருங்கடலில் பந்தயம் விடலாம் என்று விடாமல் எழுதிவந்தார். இது தற்கொலை என்று பலர் திட்டினார்கள். 1906இல் புரூக்ளினிலிருந்து பெர்முடாவுக்குக் கிளம்பியவை மூன்றே படகுகள், எதுவும் 40 அடியைத் தாண்டாது. அதில் 'காண்ட்லெட்'டில் கணவரோடு போன தோரா லண்ட் ராபின்சன் கூலிக்கு வந்தவரும் இல்லை, விருந்தாளியும் இல்லை. டே தானே 'டேமர்லேன்' படகில் ஏறினார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மூன்றாவது படகான 'லைலா'வின் பாய்மரம் முறிந்தது. டே பந்தயத்தை அப்படியே விட்டுவிட்டு, 'லைலா'வுக்குத் துணையாகக் கரைவரை திரும்பி வந்தார். அதற்குள் 'காண்ட்லெட்' வெகுதூரம் போயிருந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து கிளம்பினார். பெர்முடா பந்தயத்தின் முதல் வெற்றி 'டேமர்லேன்' பெயரில்தான் இருக்கிறது.