அசல் பறங்கி எது என்று கண்டுபிடித்த பெருமக்களுக்கு

கொஞ்சம் கோபம் ஆறட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை, எழுதுகிறேன்.

வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் திரும்பப் பகிரப் போவதில்லை. திருகோணமலைப் பாலையூற்று, பறங்கியர் (இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த சனம்) இருக்கிற இடம். அந்த ஊர்ப் பிள்ளைகள் கப்ரிஞ்ஞா என்ற பறங்கியர் ஆட்டத்தை ஆடுகிறார்கள். வடிவாகத்தான் ஆடுகிறார்கள். அதற்குக் கீழே எங்கட ஆட்கள் ஆடின ஆட்டம்தான் தாங்க முடியவில்லை. "இவங்கள் எப்படிப் பறங்கி? என்னைவிடக் கறுப்பு." "காப்பிலி மாதிரி இருக்கு." (ஆபிரிக்க வழிவந்தவர்களை இங்கே அப்படிச் சொல்வார்கள்.) பிறகு ஒரு அறிவாளி வந்து தீர்ப்பே எழுதிவிட்டார்: "இடப்பக்கம் ரெண்டாவதா நிக்கிற பிள்ளை மட்டும்தான் அசல். மற்றதெல்லாம் கலப்படம்."

அந்த இரண்டாவது பிள்ளை தமிழ்ப் பிள்ளை ஐயா. தாயை எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை என்றால் பத்திரகாளி அம்மன் கோயிலில் காணலாம். சிநேகிதிகளோடு ஆட ஆசைப்பட்டுச் சேர்ந்த பிள்ளை. (தாயிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.) நீங்கள் 'கலப்படம்' என்று தள்ளிய கறுப்புப் பெடியன் இருக்கிறானே, அவனுடைய அம்மம்மா போர்த்துக்கீசக் கிரியோல் (போர்த்துக்கீசமும் உள்ளூர்ப் பேச்சும் கலந்த மொழி) பேசி வளர்ந்தவர். வயதான ஆட்கள் கூடினால் இன்றைக்கும் அந்தப் பேச்சு அங்கே கேட்கும்.

அந்த நபரின் கண் பிழைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். யார் வெள்ளை, யார் இல்லை என்பதைத் தோல் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. வாசலில் நிற்கிறவன்தான் தீர்மானிக்கிறான். தோலைச் சாட்டாகச் சொல்லிக்கொள்வான், அவ்வளவுதான்.

நம்பாதவர்கள் எங்கட நாட்டுக் கதையையே பாருங்கள். 1830-ல் பிரதம நீதியரசர் சேர் ரிச்சர்ட் ஒட்லி, விசாரணை ஆணைக்குழு முன்னால் பறங்கியர் யார் என்று விளக்கம் சொன்னார். தகப்பன் வழி ஐரோப்பியனாக இருந்தால், தாய் யாராக இருந்தாலும், முறையாகக் கலியாணம் கட்டியிருந்தால் பிள்ளை பறங்கி. எத்தனை தலைமுறை கடந்தாலும் பறங்கி. தகப்பன் வழி இந்த மண்ணுடையது என்றால் பிள்ளை பறங்கி இல்லை. பத்துத் தலைமுறை இங்கேயே பெண் எடுத்து, கரி நிறத்தில் பிறந்தாலும் அவன் பறங்கி. தாய் ஒல்லாந்துக்காரியாக இருந்து, பிள்ளை பால் நிறத்தில் பிறந்தாலும், தகப்பன் தமிழன் என்றால் அது பறங்கி இல்லை. இதில் தோல் எங்கே இருக்கிறது? 1908-ல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தொடங்கியவர்களும் வம்சாவளிப் பட்டியலைத்தான் தேடித்தேடி அச்சிட்டார்கள். அவர்களுக்குள்ளேயே போர்த்துக்கீசப் பறங்கி என்றால் ஒரு படி கீழே. பாலையூற்றுச் சனத்துக்கு அந்தப் பக்கத்தால் அந்த அடி, இந்தப் பக்கத்தால் உங்கட கொமென்ட்.

அமெரிக்காவில் இன்னும் அழகு. அங்கே அப்போது வெளியே இருந்து வந்தவன் குடியுரிமை எடுப்பதென்றால் 'வெள்ளையனாக' இருக்க வேண்டும். (ஆபிரிக்க வழியினருக்குத் தனியாக வழி விட்டிருந்தார்கள்.) 1922-ல் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர், என் தோலைப் பாருங்கள், நானும் வெள்ளைதான் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். இல்லை, நிறம் முக்கியம் இல்லை, கொக்கேசிய இனமாக (அந்தக் கால இன விஞ்ஞானம் ஐரோப்பியரைச் சேர்த்த பிரிவு) இருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று அடுத்த வருடம் பகத் சிங் திந்த் வந்தார். பஞ்சாபி, அமெரிக்க இராணுவத்திலேயே இருந்தவர். விஞ்ஞானிகளின் கணக்குப்படி நான் கொக்கேசியன் என்றார். இல்லை இல்லை, விஞ்ஞானம் முக்கியம் இல்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளை என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளை என்றார்கள். இரண்டு தீர்ப்பையும் எழுதியது ஒரே நீதிபதி, சதர்லாண்ட். இடையில் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு, ஏற்கனவே குடியுரிமை கிடைத்திருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள். இன்னொரு வேடிக்கை: அதே நாட்டில் 1970 குடிசன மதிப்பீட்டில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-ல் எடுத்து ஆசியர் கணக்கில் போட்டார்கள். அந்தப் பத்து வருடத்தில் யாருக்காவது தோல் மாறியதா?

தென்னாபிரிக்கா பற்றித் தனிப் பதிவே போடலாம். தலைமயிருக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் பிரித்தார்கள். வியாபாரம் செய்ய வந்த ஜப்பானியருக்கோ 'கௌரவ வெள்ளையர்' பட்டம்.

"அது வெள்ளைக்காரன் செய்த வேலை, எங்களுக்கென்ன" என்று ஒருவர் கட்டாயம் வருவார். உங்களுக்காகவே இந்தக் கதை.

அக்கா குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. அத்தான் நல்ல கறுப்பு. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருந்தார்கள், முழுக் காசும் முன்பே கட்டியாயிற்று. சாரமும் செருப்புமாகக் கடற்கரைக்குப் போய்த் திரும்பிய மனிசனைக் காவலாளி மறித்துவிட்டான். "யாரைப் பார்க்க வந்தனீங்க?" நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அங்கே தங்காத இரண்டு வெள்ளைப் பெடியன்கள் மண் காலோடு நேரே நீச்சல் தடாகத்துக்குப் போனார்கள். அவர்களைக் கேட்க ஆளில்லை. அத்தான் தமிழில் சொன்னார், எடுபடவில்லை. பிறகு மகள் முன்னால் வந்து ஜெர்மன் மொழியில் ஏதோ கத்தினாள். காவலாளிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. உடனே கதவைத் திறந்து சலாம் போட்டான். அவனும் எங்கட ஊர்ப் பெடியன்தான், தமிழ்ப் பெடியன்.

அந்தப் பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் "நீ உண்மையில் எந்த நாடு?" என்று கேட்கிறார்களாம். இங்கே எங்கட ஒழுங்கைச் சின்னனுகள் அவளை "வெள்ளைக்காரி" என்று கூப்பிடுகிறார்கள். என்னைவிடக் கறுப்பு அவள். "சித்தி, நான் ஆர்?" என்று கேட்டாள். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

"கறுப்பைக் கறுப்பு என்று சொன்னால் என்ன பிழை?" என்றும் கேட்பீர்கள். கறுப்பு என்று சொல்லுங்கள், நானும் கறுப்புத்தான். "கறுப்பு, ஆகவே நீ இவன் இல்லை" என்று சொல்கிறீர்களே, அதுதான் பிழை. "நாட்டில் இருக்கிற பிரச்சினைக்குள் இது ஒரு பிரச்சினையா?" என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. அப்படிக் கேட்கிறவர்கள் அநேகமாகப் பொது நிறமாகத்தான் (கறுப்பும் இல்லாத, வெள்ளையும் இல்லாத நிறம்) இருக்கிறார்கள். "முதலில் சாதியைப் பற்றி எழுது" என்பவர்களுக்கு: எழுதுவேன், அப்போதும் நீங்களே வந்து அடிப்பீர்கள்.

எனக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம். நான் அறைக்குள் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே மாப்பிள்ளையின் தாய் சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரிதான், நிறம்தான் கொஞ்சம்…" அந்த 'கொஞ்சம்' இன்னும் காதுக்குள் நிற்கிறது. அதே குடும்பம் பிறகு என்னைவிடக் கறுப்பான ஒரு பெண்ணை, கனடாப் பாஸ்போர்ட்டோடு, மேளதாளத்தோடு எடுத்தது. கலியாணப் படத்தில் அந்தப் பிள்ளை என்ன வெள்ளை தெரியுமா! படப்பிடிப்பாளருக்குச் சொல்லியே வைத்திருப்பார்கள். இதைப் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் ஆடிய பிள்ளைகளும் கொமென்ட் வாசிப்பார்கள். நீங்கள் 'கலப்படம்' என்று தள்ளிய அந்தப் பெடியன் தன் இணையப் பக்கத்திலிருந்து தன் படத்தை எடுத்துவிட்டான். பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ" என்று எழுதிய அண்ணாவுக்கு: முதலில் நீங்கள் காசு கட்டி உங்கட எச்சிலை அனுப்புங்கள். ரிசல்ட் வந்ததும் என்னை டேக் பண்ணிப் போடுங்கள். நூற்றுக்கு நூறு அசல் என்று வந்தால் அன்றைக்கே இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.