ஃபோர்மட் பண்ண முதல் வயரைப் பாருங்கோ
வயரால குத்துற யூஎஸ்பி ட்ரைவுக்கு கொப்பி பண்ணேக்க ஸ்லோ எண்டா, ட்ரைவை ஃபோர்மட் பண்ண, அதாவது முழுக்க அழிக்கச் சொல்லி இந்தக் கட்டுரையில போட்டிருக்கு, அதை என்னால ஏற்கேலாது, உள்ளுக்க இருக்கிற படமெல்லாம் போனா ஆர் திருப்பித் தாறது? நான் திருகோணமலையில கலியாண வீட்டுப் படம் எடுக்கிறனான், போன மாசம் லப்டொப்பில இருந்து ட்ரைவுக்கு 64 ஜிபி ஏத்த அரை மணித்தியாலம் போச்சுது, செக்கனுக்கு 35 எம்பியைத் தாண்டவே இல்லை, அந்த 35ஐப் பாத்த உடனயே விளங்கியிருக்கவேணும், அது பழைய யூஎஸ்பி 2.0இன்ட வேகம், அதைவிட வேகமான என்ர 3.0 ட்ரைவ் அந்த வேகத்துக்குக் கீழ இறங்கி ஓடுது. 3.0 வயரின்ட வாய்க்குள்ள பழைய 4 பின்னோட இன்னும் 5 பின் இருக்கு, அதுகள் சரியாப் படாட்டி ட்ரைவ் வேலை செய்யும் ஆனா 2.0 வேகத்திலதான். எங்கட வீடு கடற்கரையோட, டோர்ச் அடிச்சுப் பாத்தா உப்புக்காத்துக்கு வயர் வாயெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. புது வயரை லப்டொப்பின்ட நீல போர்ட்டில (3.0 போர்ட்) குத்தினன், 110க்கு வந்திட்டுது. மேல கொமெண்டில வைரஸாலதான் ஸ்லோ எண்டு எழுதின அண்ணை, உங்கட வேகமும் 30, 35இல அசையாம நிண்டா முதல்ல வயரை மாத்திப் பாருங்கோ. ஆயிரக்கணக்கில சின்னச் சின்ன ஃபைல் எண்டா வேற கதை, அதுகளை ஸிப் பண்ணி ஒண்டாக்கி அனுப்புங்கோ.